முதல் பானைக்கு ஓர் இங்கிலீஷ் சொல்

வில்பட்டிக் கோயிலில் முதல் பொங்கல் பானை திருமலைச்சாமி வீட்டுடையது. அது பொங்கும்போது அந்த வீட்டுப் பெண்தான் முதல் குலவை போட வேண்டும். இந்தப் பெருமையைச் சுற்றுலா வருகிறவர்களுக்காக இங்கிலீஷிலும் பலகையில் எழுத நினைத்தார் அவர். அதற்காக, சாதி மாறிக் கட்டியவள் என்று ஆறு வருடமாக ஒதுக்கி வைத்திருந்த ஒரே மகள் ரோகிணியின் கொடைக்கானல் வீட்டுக்குப் போனார். அவள் இங்கிலீஷ் டீச்சர். அவர் உட்காரவில்லை.

“பானை பொங்குறதுக்கு வார்த்தை சொல்லு.”

“‘பாயில்’னா கொதிக்கிறதுங்கப்பா. லத்தீன்ல குமிழிக்கு உள்ள சொல்லுல இருந்து வந்துச்சு. ‘ஓவர்’ சேத்தா விளிம்பு தாண்டும். ஆனா இங்கிலீஷ்காரங்க அதை நல்லதுக்குச் சொல்றதில்ல. பால் வீணாப் போச்சும்பாங்க.”

“நம்ம பானையா வீணாப் போகுது?”

“அப்ப ‘பொங்கல்’னே போட்டு, நல்ல சகுனம்னு விளக்கிடுறேன்.” எழுதி நீட்டினாள். “இந்த வருசம் குலவைக்கு நான் வரலாமாங்கப்பா?”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“சோலி கெடக்கு” என்று படியிறங்கினார்.

பொங்கலன்று புதுப் பலகையின் அருகே விறைத்து நின்றார். பால் விளிம்பு தாண்டியது. ஊர்ப் பெண்கள் முதல் குலவைக்காகக் காத்திருந்தார்கள். சென்ற பொங்கலுக்குப் பிறகு மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்ட அந்த வீட்டில் பெண் இல்லை. பால் அடுப்பில் வழிந்து தீயை அணைத்தது.