இருபத்தையாயிரம் வோல்ட்டில் கிளீட்டஸ்

கடலில் காணாமல் போன கிளீட்டஸ், புயல் ஓய்ந்த மறுவாரம் காஞ்சிரங்குளத்தில் தன் வீட்டு டிவியில் தெரிந்தான். டிவியின் பிளக் அப்போது சுவரில் இல்லை. ஊரில் கரண்டும் வந்திருக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்த அவன் மனைவி பவுலா ஏதோ வெளிச்சம் கண்டு முன்னறைக்கு வந்து பார்த்தாள். கவிழ்ந்த வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி, மஞ்சள் பனியனோடு, நெஞ்சளவு தண்ணீரில் அவன் இருந்தான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பவுலா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அதே வள்ளத்தில் போன ஜெய்சன் படத்தில் இல்லை. ஜெய்சனின் மனைவி லிஜா ஓடி வந்து, கண்ணாடியின் இரண்டு ஓரங்களிலும் கன்னத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே தண்ணீர்தான் கிடந்தது.

அந்த டிவியைக் கொண்டுவந்தவர் கிளீட்டஸின் அப்பா. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், ஜெர்மனித் துறைமுகம் ஒன்றில் யாரோ கழித்துவிட்டதை ஏற்றிவந்தார். மரப்பெட்டி, உள்ளே சுண்டுவிரல் முதல் முழங்கை வரை பல அளவில் கண்ணாடி வால்வுகள், பின்பக்கம் எப்போதும் இட்டலிக் கொப்பரைபோலச் சூடு. இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. கலர் ஒளிபரப்பு இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே கலருக்குத் தயாராக இருந்தது அது. பிறகு முதலில் சத்தம் போனது, அடுத்துப் படம் போனது, கடைசியில் மேலே மாதா சொரூபம் வைக்கிற மேசையானது. புயலுக்குப் பிறகு சொரூபத்தை அலமாரிக்கு மாற்றினார்கள்.

முதல் வருடம் பார்க்க வந்தவர்களின் செருப்புகள் ரோடு வரை கிடந்தன. பங்குத்தந்தை வந்து, தண்ணீரும் கரண்டும் சேரக்கூடாது என்பதால் தீர்த்தத்தை வாசலிலிருந்தே தெளித்துவிட்டுப் போனார். இரண்டாம் வருடம் வெளியூர்க்காரர்கள் மட்டும் வந்தார்கள். அதற்குப் பின் யாரும் வரவில்லை. டிவியின் பக்கத்தில் போனால் தலைமுடி எழுந்து நிற்கும், சேலை கண்ணாடியில் போய் ஒட்டும், வீட்டுத் தூசி மொத்தமும் அங்கேதான் சேரும். பவுலா தினமும் கணவனின் முகத்தைத் துடைத்துவிட்டு மீன் சந்தைக்குப் போனாள். மகள் ஆன் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்து, நர்சாகி, நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஏழாம் வருடம் கிளீட்டஸ் வீங்கத் தொடங்கினான். முதலில் தோள்கள் இரண்டும் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டன. நோன்புக்காலம் தொடங்கியபோது முகம் மட்டும் இருந்தது. பாதி நோன்பில் ஒரு கண்ணும் அரை மூக்கும்தான். பெரிதாகப் பெரிதாக அவன் மங்கினான். கஞ்சித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பவன்போல ஆனான். பெட்டிக்குப் பின்னால் சீறல் கேட்டது. இடி விழுந்த இடத்தில் வரும் நாற்றம் வீடு முழுக்க நின்றது. அப்பா போகிறார், போகட்டும், ஒரு பூசை வைப்போம் என்றாள் ஆன். பவுலா பஸ் ஏறி பாறசாலைக்குப் போய் டிவி மெக்கானிக் விஜயதாஸைக் கூட்டிவந்தாள்.

விஜயதாஸுக்குச் சொந்த ஊர் செங்கல் என்கிற கிராமம், கடை பாறசாலையில். வால்வு டிவியைத் திறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அவன் கண்ணாடியில் தெரிந்த கண்ணைப் பார்த்தான், அது அவனைப் பார்த்தது. அவன் பின்பக்கம் போய் மூடியைக் கழற்றினான். முதலில் ஹைவோல்ட்டேஜ் வால்வின் மேல் சந்தேகப்பட்டான். அது சூடாக, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கம்பளியைப் பெட்டிமேல் போர்த்தி, அந்த இருட்டுக்குள் தலையை விட்டான். பிக்சர் டியூபின் முதுகில் தடித்த ஒயர் போய்ச் சேரும் ரப்பர் தொப்பியைச் சுற்றி, ஊதா வெளிச்சம் அட்டைபோல ஊர்ந்துகொண்டிருந்தது.

“கடல் காத்துக்க உப்பாக்கும், சேச்சி,” என்றான் வெளியே வந்து. “கண்ணாடியில பிடிச்சிருக்கு. ரப்பரும் வெடிச்சாச்சு. இருபத்தையாயிரம் வோல்ட்டும் அது வழியா ஒழுகுது. வோல்ட்டு குறஞ்சா படம் வீங்கும், மங்கும். பின்ன ஒண்ணும் இருக்காது.”

“எத்தற நாளு நிக்கும்?”

“ஞாயிறு வர நின்னா பெரிசு.”

உப்பைத் துடைத்து ரப்பரை மாற்றினால் போதும். ஆனால் டியூபில் கை வைப்பதற்கு முன் அதிலிருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும் என்பது டிவி மெக்கானிக்குகளின் முதல் பாடம். பிளக்கைப் பிடுங்கினாலும் டியூப் அதை வைத்துக்கொண்டிருக்கும், தொட்டவனைத் தூக்கி எறியும். விஜயதாஸ் ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பவுலா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அத வச்சா இவரு எங்க போவாரு?”

“தீந்துபோவும், சேச்சி.”

“அப்ப வைக்கப்பிடாது.”

“அம்மா, அண்ணன் செல்லுதத கேளுங்க,” என்றாள் ஆன். “ஏழு வருஷமா ஒரு பெட்டியத் தொடச்சிட்டு இருக்கிய.”

“பெட்டியாடீ? உனக்க அப்பனாக்கும்.”

விஜயதாஸ் முற்றத்தில் போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்தான். துடைக்கிற நேரத்துக்கு அந்த மின்சாரம் வேறெங்காவது நின்றாக வேண்டும், கால் மணி நேரம் போதும், ஆனால் அதைத் தாங்குகிற சாதனம் தன்னிடம் இல்லை என்றான்.

“எனக்க மேல நிக்கட்டு,” என்றாள் பவுலா.

“செத்துப்போவிய.”

“அவரு ஏழு வருஷமா கடல்ல நிக்காரு. எனக்கு கால் மணிக்கூறு நிக்கப் பற்றாதா?”

மறுநாள் உச்சிவேளையை விஜயதாஸ் தேர்ந்தெடுத்தான், காற்றில் ஈரம் குறைவு என்பதால். பவுலா ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏறி நின்றாள். சுவரைத் தொடக்கூடாது, ஆளைத் தொடக்கூடாது, கால் தரையில் படக்கூடாது என்று மூன்றையும் அவளைத் திரும்பச் சொல்லவைத்தான். ஆன் இரண்டு கை தூரத்தில் அப்பாவின் காய்ந்த துடுப்போடு நின்றாள். அம்மா துடித்தால் துடுப்பால் ஒயரைத் தட்டிவிட்டு நெஞ்சை அமுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்த வேலை. விஜயதாஸ் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். வலது கையால் தொப்பியை நெம்பி எடுத்து, ஒயரின் நுனியை மரக்கட்டையில் மாட்டி அவளிடம் நீட்டினான். அவள் விரலால் தொட்டாள்.

படம் அணைந்தது. பவுலாவின் கொண்டை அவிழ்ந்து முடி முழுவதும் கூரையை நோக்கி எழுந்தது. காதுக் கம்மல்கள் ஊதா நிறத்தில் எரிந்தன. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டி ஸ்டூலில் விழுந்தது. உதடுகள் அசைந்தன, அவள் எதுவும் பேசவில்லை. ஆன் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவின் கழுத்து நரம்பையே பார்த்தாள். விஜயதாஸ் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தான். கறுப்பாக வந்தது. மறுபடி துடைத்தான், சாம்பலாக வந்தது. மூன்றாவது முறை துணி வெள்ளையாகவே இருந்தது. ஸ்பிரிட் காய வேண்டும். புது ரப்பர் தொப்பியைப் பல்லில் கடித்தபடி ஊதிக்கொண்டிருந்தான்.

அப்போது பன்னிரண்டு மணிக்கு தேவாலய மணி அடித்தது. செங்கல் கிராமத்துக் கோயில் மணிகளைக் கேட்டு வளர்ந்த விஜயதாஸுக்கு மணியோசை யாரையும் எதுவும் செய்ய வைத்து அனுபவமில்லை. இந்தக் கரையிலோ அந்த மணி கேட்டும் நின்றுகொண்டிருப்பவர் கிடையாது. வலை இழுப்பவன் வலையை விடுவான், மீன் வெட்டுகிறவள் கத்தியை வைப்பாள், மூவேளைச் செபத்துக்கு முட்டு தானாக மடங்கும். பவுலா ஐம்பது வருடப் பழக்கத்தில் செருப்பை உதறி, ஸ்டூலிலிருந்து இறங்கி, சிமெண்ட் தரையில் முழங்காலிட்டாள். தடுக்க வேண்டிய ஆன் தடுக்கவில்லை. துடுப்பு கீழே கிடந்தது, ஆனும் முழங்காலில் இருந்தாள்.

“சேச்சீ!” என்று கத்தினான் விஜயதாஸ். தொப்பி வாயிலிருந்து விழுந்தது.

நெற்றுத்தேங்காய் வெடித்ததுபோல ஒரு சத்தம். பவுலாவின் முழங்காலிலிருந்து நீலக் கோடு ஒன்று தரையில் கிளம்பி அடுக்களை வாசல் வரை ஓடி நின்றது. பீரோவுக்குள் அட்டைப்பெட்டியில் இருந்த பழைய பல்பு ஒருமுறை எரிந்து அணைந்தது. பவுலா கண்ணை மூடியபடி மீதிச் செபத்தையும் சொன்னாள், பாதியில் நிறுத்துகிற செபம் இல்லை அது. சிலுவை போட்டுவிட்டுக் கண் திறந்தபோது அடுக்களை வாசலில் கிளீட்டஸ் நின்றிருந்தான். மஞ்சள் பனியனிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் வள்ளத்தின் உடைந்த பலகை இருந்தது. உள்ளே வர எட்டு வைத்தவனின் தலை கதவு நிலையில் இடித்தது. வீக்கம் முழுக்க வற்றியிருக்கவில்லை.

ஆன் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். எண்ண முடியாத வேகம். விஜயதாஸ் மீட்டரை வைத்து, நொடிக்கு ஐம்பது, நம்ம லைன் கரண்டு மாதிரிதான் என்றான். கிளீட்டஸின் இடது ஓரத்தில் மெல்லிய சிவப்பும் வலது ஓரத்தில் நீலமும் தெரிந்தன. பழைய கலர் செட்டுகளில் அது இருக்கும், அதை நோண்டக்கூடாது. பவுலா துண்டு எடுத்து வந்து தலை துவட்டினாள். கிளீட்டஸ் வாயைத் திறந்து நெடுநேரம் ஏதோ சொன்னான். ஒன்றும் கேட்கவில்லை.

“சவுண்டு வேற செக்‌ஷனாக்கும்,” என்றான் விஜயதாஸ். “ஒரு வால்வு போயிருக்கும். பெட்டியில மாட்டினா இவருக்கு வந்திரும். ஞாயிறு வாறேன்.”

ஞாயிற்றுக்கிழமை, வால்வைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவன் வந்தான். பூசை முடிந்து நேராக வந்த லிஜா அவனுக்கு முன்பே அங்கே இருந்தாள். ஜெய்சன் எங்கே என்று அவள் கேட்டிருக்கிறாள். கிளீட்டஸ் வெகுநேரம் பதில் சொல்லியிருக்கிறான். கைகளாலும் ஏதோ காட்டினான். அவள் கைகளைப் பார்க்கவில்லை, உதட்டை மட்டும் பார்த்தாள். விஜயதாஸ் பெட்டியின் மூடியில் கை வைத்ததும் எழுந்து குறுக்கே வந்து நின்றாள்.

“அண்ணே, அது மாட்டாண்டாம்.”

“மாட்டினா பேசுவாரு, மக்கா.”

“அதனாலதான் செல்லுதேன்.”

விஜயதாஸ் பவுலாவைப் பார்த்தான். பவுலா கணவனைப் பார்த்தாள், லிஜாவைப் பார்த்தாள், பிறகு எழுந்து போய் கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

வால்வு இன்னும் விஜயதாஸின் பையில் பஞ்சோடு கிடக்கிறது. கிளீட்டஸ் இப்போது கடலுக்குப் போவதில்லை. முற்றத்தில் வலை முடிகிறான், சந்தைக்குக் கூடை தூக்குகிறான், ஊர் அவனுக்கு வணக்கம் சொல்லிக் கடந்து போகிறது. மழைக்காலத்தில் உப்புக்காற்று பட்டுக் கொஞ்சம் வீங்கி மங்கும்போது பவுலா ஸ்பிரிட் நனைத்த துணியால் முதுகைத் துடைத்துவிடுகிறாள், சரியாகிவிடுகிறது. ஞாயிறு பூசை முடிந்து லிஜா வருகிறாள். ஜெய்சன் எங்கே என்று கேட்கிறாள். கிளீட்டஸ் சொல்கிறான். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சாயாவைக் குடித்து முடித்து, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.