பெயரில்லாமல் வந்த அட்டைகள்

சுவிஸில், சூரிச்சுக்கு அருகே டீட்டிகோனில், ரயில் பாதையோரம் நின்ற பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் அஞ்சலின் தனியாகக் குடியிருந்தாள். பகலில் பொதிகள் அனுப்பும் களஞ்சியத்தில் வேலை. மாலையில் வீடு திரும்பினால் பேஸ்பால் அட்டைகள்.

ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. சின்ன வயதில், ரொறன்ரோவில் இருந்த அந்தோனிதாஸ் மாமா அங்கே பழைய சாமான் விற்கும் வீடுகளில் கட்டுக்கட்டாக வாங்கி, சொக்லேட்டோடு சேர்த்து அனுப்புவார். எழுபதுகளில் அச்சடித்த, ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள். முனைகள் மழுங்கி, பின்பக்கத்தில், பொதிக்குள் கூடவே வந்த சுவிங்கத்தின் கறை பிடித்திருக்கும். அவளும் தம்பி ஜெனிஸ்ரனும் அவற்றைத் தரையில் பரப்பி, மீசைக்காரர்களுக்கெல்லாம் தாங்களே பட்டப்பெயர் வைத்து, வயிறு நோகச் சிரிப்பார்கள். மாமா இறந்த பிறகு, அவர் சேர்க்கத் தொடங்கிய ஒரு வருடத்துத் தொகுதியை முழுமையாக்கியே தீருவது என்ற பிடிவாதம் அவளுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் எண் உண்டு. அல்பத்தில் வெறுமையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தாலே எந்த அட்டை இல்லையென்று தெரியும்.

2014 பெப்ரவரியில் ஒருநாள் அவளுடைய கடிதப்பெட்டிக்குள் ஒரு வெள்ளை உறை கிடந்தது. முத்திரை இல்லை, பெயர் இல்லை. உள்ளே ஓர் அட்டை. அவளிடம் இல்லாத அட்டை. அஞ்சலின் வாசலிலேயே நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த ஷ்டுடர் நிமிர்ந்தார். கட்டடத்தைப் பராமரிப்பவர் அவர்தான். தரைமாடியிலேயே குடியிருந்தார்.

"நல்ல செய்தியா?" என்று கேட்டார்.

"மிக நல்ல செய்தி," என்று சிரித்துவிட்டு அவள் மேலே ஏறினாள். தம்பியின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமையும் ஓர் அட்டை வந்தது. அதன் பிறகு இன்னொன்று. அவள் பக்கத்து நகரான பாடனில் இருந்த ஜெனிஸ்ரனுக்குப் போன் எடுத்தாள்.

"ஜெனி, எங்கயடா தேடிப் பிடிச்சனி?"

"எதை?"

"நடியாத. அட்டையளைத்தான்."

"அக்கா, சத்தியமா நானில்லை. உன்னட்ட எது இல்லையெண்டு எனக்கென்னண்டு தெரியும்?"

"அப்ப ஆர் போடுறது?"

"ஆரோ உன்னில கண் வைச்சிருக்கினம் போல," என்று அவன் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அல்பத்தை அவள் யாருக்குமே காட்டியதில்லை. அது படுக்கையறை அலுமாரிக்குள் இருந்தது.

அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பயத்தை ஆசை முந்திக்கொண்டது. வருடக்கணக்காகத் தேடியும் கிடைக்காத முகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வேலை முடிந்து வரும்போது, கடிதப்பெட்டியை நினைத்தாலே நடை வேகமானது. ஒருநாள் அல்பத்தின் உறையொன்றில் விரல் அடையாளம் தெரிந்தது. தன்னுடையதுதான் என்று தேற்றிக்கொண்டு துணியால் துடைத்துவிட்டாள். இன்னொருநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது சவர்க்கார வாசம் அடித்தது. அவள் பாவிக்காத சவர்க்காரம்.

மறுநாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். தன்னிடம் இருந்த அட்டை ஒன்றை அல்பத்திலிருந்து உருவி, கைப்பைக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுபோனாள். அந்த உறையை வெறுமையாகவே விட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கிழமை முடிவதற்குள் அதே அட்டை கடிதப்பெட்டிக்குள் கிடந்தது. அவளுடையதைவிடப் புதிதாக, முனை மழுங்காமல்.

அவளுக்கு மேலே தன் வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. நேரே பொலிசுக்குப் போனாள். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். கதவு உடைபடவில்லை, எதுவும் களவு போகவில்லை, வந்தவை அன்பளிப்புகள். இதில் என்ன முறைப்பாடு எழுதுவது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிஸ்ரன் வந்து பூட்டை மாற்றினான். முந்தியதைப் போலவே இருக்கும் பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தான். வெளியே நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

"என்னோட வந்து நில்லன் அக்கா."

"ஆரெண்டு அறியாமல் நான் ஓடமாட்டன்," என்றாள் அவள்.

மறுநாள் மாலை கதவு தட்டப்பட்டது. சங்கிலியைக் கழற்றாமல் மெல்லத் திறந்தாள். ஷ்டுடர் நின்றார். தலைமயிரை ஈரத்தோடு வாரி, சலவை செய்த சட்டை போட்டிருந்தார்.

"பூட்டை மாற்றிவிட்டீர்கள்," என்றார் வருத்தத்தோடு. "தீப்பிடித்தால் நான் எப்படி உள்ளே வருவது?"

சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விஷயம் அது. அவரிடமிருந்து அதே சவர்க்கார வாசம் வந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து, கதவிடுக்கு வழியாக நீட்டினார். "இன்னும் நான்குதான் குறைகிறது. இப்போது நிறுத்தினால் பாவமில்லையா?"

அவள் கை நீட்டவில்லை. உறை உள்ளே விழுந்தது. அவள் கதவை அடித்துச் சாத்தி, குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு பொலிசை அழைத்தாள்.

இந்தமுறை வந்தார்கள். அவருடைய போனில் அல்பத்தின் ஒவ்வொரு பக்கமும் படமாக இருந்தது. அவள் கடிதப்பெட்டியடியில் உறையைப் பிரித்துச் சிரிக்கும் படங்களும் இருந்தன. அவை அவருடைய தரைமாடி யன்னலுக்குள்ளிருந்து எடுத்தவை. கீழ்மாடியில் குடியிருந்த வேறொரு பெண்ணின் சமையலறையும் அதில் இருந்ததாம். தான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை, அவர்களுடைய சந்தோசத்தைத்தான் சேர்த்தேன் என்று ஷ்டுடர் சொன்னாராம். தண்டப்பணம் விதித்தார்கள், வேலையும் போனது. அவர் எந்த ஊருக்குப் போனார் என்று அஞ்சலின் கேட்டாள். அதை அவளுக்குச் சொல்ல முடியாது என்றார்கள்.

அவள் பாடனுக்கு, தம்பியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிமாறினாள். அந்த இலையுதிர்காலத்தில் ஜெனிஸ்ரன்தான் அவளை வற்புறுத்தி, சூரிச்சில் நடந்த அட்டைச் சந்தைக்குக் கூட்டிப் போனான். மேசைகள், பிளாஸ்டிக் பெட்டிகள், பழைய காகித மணம். வெகுநாளைக்குப் பிறகு அவளுடைய விரல்கள் தாமாகவே அட்டைகளைப் புரட்டத் தொடங்கின.

மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் அன்பாகத்தான் கேட்டார்.

"உங்களிடம் எவை இல்லை? சொன்னால் தேடி வைக்கிறேன்."

"எல்லாம் இருக்கிறது," என்றாள் அஞ்சலின். கையிலிருந்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். ரயிலில், கதவைப் பார்த்தபடி இருந்த இருக்கையில் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பாடன் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.