பேனா எழுதிய முதல் பெயர்

...மாற்ற மாட்டேன், ஓனுஃப்ரி என்றால் ஓனுஃப்ரிதான், ஊர்ப் பெயரோடு, மூக்கோரத்து மருவோடு என் புத்தகத்தில் அச்சேறட்டும், மதியத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டுமாம், பதிப்பாசிரியன் கிதியோனுக்கு என்ன கரிசனம், "பேரை மட்டும் மாத்திடுங்க ஹெனியா, அந்த ஆளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல" என்கிறான் போனில், எங்கம்மாவுக்கும்தான் இருந்துச்சு என்றேன்... போனை வைத்த ஆத்திரத்தில் பேனாவை மேசையில் குத்தி முள்ளை உடைத்தது நான்தானே, இப்போது ஹைஃபாவின் இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கப் பேனாக் கடைக்கு ஏறுகிறேன். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, அம்மா பிடித்த பிளம் கொழுக்கட்டையை விரல் நக்கித் தின்ற பக்கத்து வீட்டுக்காரன் அவன், யூதர்களைத் தேடிச் சிப்பாய்கள் வந்தபோது வாயைக்கூடத் திறக்கவில்லை, தாடையைத் தூக்கி நாங்கள் ஒளிந்திருந்த வைக்கோல் கொட்டகையைக் காட்டினான், அவ்வளவுதான், பலகை இடுக்கில் அந்தத் தாடையைப் பார்த்தேன், உள்ளே வந்து தேடிவிடக் கூடாதென்று அம்மா தானாகவே எழுந்து வெளியே போனாள், நான் வைக்கோலுக்குள் கிடந்தேன்... அவர்கள் கத்தியது ஜெர்மனில், அம்மா என்னைக் கொஞ்சியதும் அதே ஜெர்மனில், இனி அதைத் தொடுவதில்லை என்று பதினேழு வயதில் இந்த ஹைஃபாவில் கப்பலை விட்டு இறங்கி எபிரேயத்தைப் பிடித்துக்கொண்டேன், எதற்கு, அவனை எழுதிப் பழிவாங்கத்தான், வேறெதற்கு? ஒருவேளை செத்திருப்பானோ? கூடாது, புத்தகம் வரும்வரை அவன் சாகக் கூடாது.

"வாங்க எழுத்தாளரம்மா, அந்தப் பேனாவையும் கொன்னாச்சா?" கடைக்காரர் ஷ்ராகாவுக்கு எப்போதும் இந்த நக்கல்தான், புதுப் பேனாவையும் துண்டுத் தாளையும் நீட்டினார், புதுப் பேனா என்றால் குலப்பகைவன் அமலேக்கின் பெயரை எழுதி, அவன் பெயர் அழியட்டும் என்று குறுக்கே அடித்துப் பார்ப்பது எங்களவர் வழக்கம், நான் வழக்கம்போல அதற்குப் பதிலாக ஓனுஃப்ரி என்று எழுதி அடித்தேன், ஷ்ராகா எட்டிப் பார்த்தார், "எப்ப வந்தாலும் இவரு பேருதான் எழுதுறீங்க... ரொம்ப வேண்டப்பட்டவரோ?" சுருக்கென்றது. வேண்டப்பட்டவனா, அவனா... ஆனால் நான் வாங்கிய ஒவ்வொரு பேனாவும் முதலில் எழுதியது அவன் பெயரைத்தானே, அம்மாவின் பெயரை எங்கே எழுதினேன், இந்தப் புத்தகத்தில்? முழுக்க அம்மா, அம்மா என்றே இருக்கிறது, அவன் மருவுக்குக்கூட இடம் இருக்கிறது, அவளுக்குப் பெயர் இல்லை, இந்த மொழியில் ஒரு தடவைகூட எழுதியதில்லையே, எப்படி மறந்தேன், ஷ்ராகா என்னவோ கேட்கிறார், காதில் விழவில்லை, தாளின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது, பெர்ல் என்று எழுதினேன், மை நன்றாக இறங்கியது, பெர்ல், என் அம்மா... அதற்குள் நாக்கு "பேர் அழியட்டும்" என்று முனகத் தொடங்கியிருந்தது, கை பழக்கத்தில் குறுக்கே கோடு இழுக்கப் போனது.