ஊர்வலத்தின் மஞ்சள் கார்

"முதல்ல உட்காரு, அப்புறம் காலை உள்ள இழு. நின்னுக்கிட்டே நுழையப் பார்த்தா எப்படி?" என்றார் அவர்.

"இதுக்குப் பேரு உட்கார்றது இல்லைங்க. விழறது" என்றாள் அவள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, விழுந்தாள். இருக்கை அவளை வாங்கிக்கொண்டது. தரை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. எதிர்வீட்டுப் பூனை அவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, இவளுக்கென்ன ஆயிற்று என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். வேறு யாரோ ஓட்டி அலுத்து விற்றதுதான் என்றாலும், அவர் அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்று தெருவே கூடிவிட்டது. அவள் மட்டும் வெளியே வரவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவும் இல்லை. "பேரன் எங்க உட்காருவான்? காய்கறிப் பையை எங்க வைக்கிறது?" என்று சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். பிறகு ஒருநாள் மாலை, அவள் இஸ்திரியும் போட்டு வேனும் ஓட்டும் சலவைக் கடை வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் ஏறினாள். வீட்டு வாசல் வந்ததும், "இன்னொரு சுத்து போலாமா?" என்று கேட்டது அவள்தான்.

அவர் அமரர் ஊர்தி ஓட்டியவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வேறு வண்டிக்கு மாறியதில்லை. மயானத்துக்குப் போகிற வண்டி விரைந்து போகக்கூடாது. பின்னால் வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள், நடக்க முடியாமல் வருவார்கள். பெட்டிமேல் இருக்கும் மாலையிலிருந்து ஓர் இதழ் உதிர்ந்தாலும் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'ஊர்வலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளம் கொடுக்கிற அம்மாள்கூட, "ஊர்வலம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பாள்.

அந்தப் பழக்கம் அவர் காலைவிட்டுப் போகவில்லை. மகள் பிறந்த அன்று, இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்த மனைவியை இரவல் வாங்கிய காரில் ஏற்றி, அதே நிதானத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். எதிரே வந்தவர்கள் சவ ஊர்வலம் என்று ஒதுங்கி நிற்காத குறைதான். அவள் பின்னாலிருந்து அவர் தோளைக் குத்தி, "யோவ், நான் இன்னும் உசுரோடதான்யா இருக்கேன்!" என்று கத்தினாள். மகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிறந்துவிட்டாள். அவர் மனத்தில் மட்டும், சின்ன வயதில் எங்கோ ஒரு சாலையில் தன்னைத் தாண்டிப் பறந்த ஒரு கூரையில்லாத கார் அத்தனை வருடமும் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கண்ணை மூடி இருக்கையில் விழுந்த அன்று, ஏரிக்கரைச் சாலைக்குப் போனார்கள். காற்று அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. வளைவுகளில் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு சீறியது. அவர் மறதியாகப் பழைய நிதானத்துக்கு இறங்கியதும், பின்னால் வந்த ஒரு லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது.

"கேட்டியா?" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக. "என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கிறான்!"

"அடிக்காம? வழியை மறிச்சுக்கிட்டு நின்னா?"

"முப்பது வருஷத்துல ஒருத்தன் அடிச்சதில்லடி. எல்லாரும் ஒதுங்கித்தான் நிப்பானுங்க."

நேர்ச்சாலை வந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வெட்டவெளி. அவர் வேகத்தைக் கூட்டினார். அவள் முதலில் கைப்பிடியைப் பற்றினாள், பிறகு விட்டாள், பிறகு இரண்டு கையையும் காற்றில் தூக்கினாள்.

"இவ்வளவுதானா?" என்று கத்தினாள்.

"என்னது?"

"இவ்வளவுதான் போகுமான்னு கேட்டேன்!"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கல்யாணமான புதிதில் இருந்த ஏதோ ஒன்று இருந்தது. காலை அழுத்தினார். அவள் வாய்விட்டுக் கூவினாள். சாலையோரம் நின்றிருந்த போலீஸ்காரர் கைகாட்டியதை இரண்டு பேரும் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தார்கள்.

போலீஸ்காரர் நடந்து வந்து, குனிந்து, இன்னும் குனிந்து, ஒருவழியாக அவர்கள் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், இந்த வயசுல?" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே."

"பார்த்திருப்பீங்க தம்பி. ஆனா அன்னிக்கு நீங்க என்னைக் கவனிக்கிற நிலைமையில இருந்திருக்க மாட்டீங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எங்கம்மா" என்றார் பிறகு. "அண்ணன் வெளியூர்ல இருந்து வரணும். பாலத்துக்கு முன்னாடி வண்டியை ஓரங்கட்டி, அவன் ஓடி வர்ற வரைக்கும் நின்னீங்க. யாரும் உங்களை நிக்கச் சொல்லலை." கையிலிருந்த அபராதச் சீட்டுக் கட்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார். "போங்க சார். பார்த்துப் போங்க."

"அபராதம்?"

"வேண்டாம் சார்."

"எழுதுங்க தம்பி. வேகமாப் போனேன்னு இதுவரைக்கும் எவனும் எனக்கு எழுதினதில்லை. கெஞ்சிக் கேட்கிறேன்."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுதினார். வீடு வரும்வரை அந்தச் சீட்டை மடியில் பிடித்துக்கொண்டு வரும்படி அவளிடம் சொன்னார் அவர், காற்றில் பறந்துவிடக்கூடாதாம். சின்னப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்ததுபோல.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் கையை ஊன்றி எழுந்து வெளியே வந்தாள். அவர் எழவில்லை.

"நீ போய் டீ போடு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வர்றேன்."

"வண்டிதான் நின்னாச்சே, இன்னும் என்ன?"

"என்ஜின் ஆறுற சத்தம் இருக்கே, அது ஒரு சுகம். உனக்குப் புரியாது, போ."

அவள் அடுப்படியில் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். பாட்டு அவளுக்கு வரவே வராது. தனக்குத்தானே வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

இரண்டு கோப்பையோடு வெளியே வந்தாள். அவர் தலையைச் சாய்த்து, ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து உட்கார்ந்திருந்தார். சிரித்த வாய் இன்னும் முழுதாக மூடவில்லை.

"டீ" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, "ஏங்க" என்றாள்.

என்ஜின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அவள் கோப்பைகளைப் படிக்கட்டில் வைத்தாள். சலவைக் கடையில் இஸ்திரிப்பெட்டியின் சூடு பார்க்கிற மாதிரி, புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். அங்கேயே வைத்திருந்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை எதையும் பிடிக்காமலே உட்கார முடிந்தது. டிக், டிக் என்ற சத்தம் மெதுவாகி, இடைவெளி விட்டு, நின்றது. அதற்குப் பிறகும் சற்று நேரம் இருந்துவிட்டுத்தான் மகளுக்குப் போன் செய்தாள்.

மகள் வந்து அழுதாள், அழுது முடித்துக் கோபப்பட்டாள். ஆட்கள் வரவும் போகவுமாக இருந்த வீட்டில், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள். "அந்த வண்டிதாம்மா. இதயத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரா இல்லையா? நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"இன்னும் வேகமாப் போங்கன்னு சொன்னேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள்.

மகள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா போனாரா?"

"போனாரு. போலீஸ் பிடிக்கிற அளவுக்குப் போனாரு."

"அப்பாவையா? வேகத்துக்கா?"

"கெஞ்சி அபராதம் வாங்கிட்டு வந்தாரு."

மகளின் உதடு கோணியது. அழுகை என்றுதான் அவள் நினைத்தாள். சிரிப்பு. மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். சற்றைக்கெல்லாம் இரண்டு பேரும் குலுங்கினார்கள். பாவம், ரொம்பத்தான் உடைந்துபோய்விட்டார்கள் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அமரர் ஊர்தியை ஓட்டி வந்தவர் அவரோடு நெடுங்காலம் வேலை பார்த்தவர். மீசை என்று கூப்பிடுவார்கள். வண்டியைக் கண்ணாடிபோலத் துடைத்திருந்தார். பெட்டியை ஏற்றியதும், அவள் நேராகப் போய் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"அக்கா, குடும்பத்து ஆளுங்க பின்னாடி கார்லதான்..."

"இத்தனை வருஷம் பேச்சுத்துணைக்கு ஆளில்லாம இதுல போய் வந்திருக்காரு. நீ வண்டியை எடு."

ஊருக்குள் மீசை அணுவணுவாக ஓட்டினார். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஏரிக்கரை வந்தது, மயானம் அதற்கு அப்பால். தண்ணீர் வெயிலில் பளபளத்தது.

"இந்த வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாதுக்கா. நாங்க யாரும் போய்ப் பார்த்ததில்லை. அண்ணனுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு."

"அண்ணன் பின்னாடிதானே இருக்காரு. நான் சொல்லிக்கிறேன்."

மீசை அவளைப் பார்த்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கியரை மாற்றினார். கனத்த அந்த வண்டி முதலில் முனகியது, அப்புறம் தன் உடம்புக்குள் இப்படி ஒன்று இருப்பது தனக்கே தெரியாததுபோலப் பாய்ந்தது. மாலையின் இதழ்கள் பின்கண்ணாடியில் அப்பின. பின்தொடர்ந்து வந்த கார்கள் புள்ளியாகிப் போயின. அவள் போன் ஒலித்தது.

"அம்மா! எங்கம்மா போறீங்க?" மகள் கத்தினாள்.

"அங்கதாண்டி. நீங்க மெதுவா வாங்க."

மயானத்தில் காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். பதறி எழுந்து, "இன்னும் நேரம் இருக்கே?" என்றார். மீசை இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, "ஆமா. இன்னிக்கு முந்திட்டோம்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தாலும் மீசைக்குக் கீழே சிரிப்பு ஒளிந்திருந்தது.

சில நாள் கழித்து அவள் வேலைக்குக் கிளம்பினாள். தங்கியிருந்த மகள், தலை சீவிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். "வண்டியை விலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்து பார்க்கணும்னு உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்காராம்மா."

"ரோட்டுல ஓடும்போது பார்த்துக்கச் சொல்லு" என்று அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். சலவைக் கடை வேனை இத்தனை வருடமாக ஓட்டுகிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை.

வலது பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். எட்டவில்லை. இருக்கை அவர் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் நெட்டை, இவள் அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். கால்கட்டைவிரல் கிளட்சுக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது.

மகள் வாசற்படியிலிருந்து, "சீட்டை முன்னாடி இழுத்துக்கம்மா. அடியில ஒரு கம்பி இருக்கும், தூக்கினா நகரும்" என்றாள்.

"தெரியும்."

அவள் கை இருக்கைக்கு அடியில் போனது. அந்தக் கம்பியைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவள் வெளியே இறங்கி, மகளைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். சோபாவிலிருந்து ஒரு திண்டை எடுத்து வந்து முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் எட்டவில்லை. மறுபடி போய் இன்னொன்றையும் எடுத்து வந்தாள்.