நிலை: சீராக உள்ளது

1.
இந்தக் கதை என்னுடையதல்ல. எதிர்வீட்டில் இருக்கும் மென்பொருள்காரி மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னது. "எழுதுங்க. ஆனா என்னை நல்லவளாக் காட்டிடாதீங்க" என்றாள்.

2.
‘அவள் அண்ணன் செத்த அன்றைக்கு மழை...’ (பெய்யவில்லை. வரியை அடித்துவிட்டேன்.)

வேலையிலிருந்தே தொடங்குகிறேன். ஆஸ்பத்திரி இணையதளத்தில், நோயாளி எப்படி இருக்கிறார் என்று வீட்டார் பார்க்கும் பக்கத்தை எழுதியவள் அவள். போனில் அதைத் திறந்ததும் கேள்வி ஆஸ்பத்திரியின் தலைமைக் கணினிக்கு, அதாவது சர்வருக்குப் போகும். அங்கே ஒரு டெம்ப்ளேட் இருக்கும்: ‘பெயர்: ____. நிலை: ____.’ சர்வர் கோடிட்ட இடங்களை நிரப்பி, முழுப் பக்கமாக்கித் திருப்பி அனுப்பும். வார்டிலிருந்து தகவல் வராவிட்டால் இடம் காலியாக நிற்கும்.

மேலாளருக்கு அது உறுத்தியது. "பாக்க அசிங்கமா இருக்கு. ஏதாவது போட்டு நிரப்பும்மா."

"‘தகவல் இல்லை’ன்னு போடட்டுமா சார்?"

"பயந்துபோய் போன் மேல போன் போடுவாங்க. நல்லதா எதையாவது போடு."

‘சீராக உள்ளது’ என்று போட்டாள். ஒரே வரி. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்த வேலை.

3.
(மேலாளரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கேட்டவர் அவர், போட்டவள் இவள்.)

நான்கு மாதம் கழித்து அவள் அண்ணனை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் வார்டுக் கணினி பழுது. அண்ணி தையல் ஆலையில் எட்டு மணிக்குப் பக்கத்தைத் திறந்தாள், பத்துக்குத் திறந்தாள், பன்னிரண்டுக்கும் திறந்தாள். சீராக உள்ளது. நிம்மதியாகக் காலர் தைத்தாள். அண்ணனுக்கோ காலையிலிருந்தே மூச்சு இழுத்தது. "அவ வந்துட்டாளா?" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

4.
"உள்ள யாரோ அவரைப் பாத்துட்டுத்தான் எழுதுறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி. "நீ செஞ்ச பக்கமாச்சே."

"பாத்துட்டுத்தான் எழுதுவாங்க அண்ணி. அன்னைக்கு மெஷின் கெட்டுப்போச்சு."

மறுநாள் அந்த வரியை ‘தகவல் இல்லை’ என்று மாற்றினாள். ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைப்புகள் குவிந்தன. மேலாளர் பழையதையே கேட்டார். திரும்பவும் போட்டாள்.

5.
அவள் அண்ணியிடம் உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். ‘அண்ணி, அந்த வரி நான்...’ அதற்குமேல் அவளுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் கை வரவில்லை. வேலையை விடுவதாக எழுதியது பச்சைப் பொய். இன்று காலையும் போனாள்.

அண்ணி கதை படிக்கிறவள். அச்சுக்குக் கொடுப்பதா என்று ஒரு மாதம் யோசித்தேன். இது உங்கள் கையில் இருக்கிறதென்றால், கொடுத்துவிட்டேன். ஒருவேளை நீங்கள் காலர் தைக்கிறவராக இருந்தால், அம்மா, எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவதா வேண்டாமா என்பதை இனி நீங்கள்தான் ____.