எழுதாத காது

என் காது போன கதையை இன்னொருவன் மனைவியின் வாயால் கேட்டேன். அதையும் அவள் இரண்டாம் முறை சத்தமாகச் சொன்ன பிறகுதான் முழுதாகக் காதில் வாங்கினேன்.

நான் தேவநாதன். பீரங்கிப் படையில் இருபத்துநாலு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் மேல்பட்டாம்பாக்கம். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது.

கடலூரில் எங்களைப் போன்ற பழைய ராணுவக்காரர்களுக்கான கிளினிக்கில் இப்போது எல்லாம் திரைதான். எங்கோ ஒரு நகரத்திலிருந்து டாக்டர் பேசுவார், அது எழுத்தாக ஓடும். எங்கள் பழைய மருத்துவப் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு கருவி வைத்தால் கேட்கும் என்றார் டாக்டர். ஆனால் ஆறு மாதத்துக்குள் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வைத்துப் பிரயோசனமில்லை. பணியில் பட்ட காயம் என்றால் உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் வரிசையில் இரண்டு வருடம்.

அங்கே வேலை பார்க்கும் கனிமொழி என் பக்கம் குனிந்து கத்தினாள். "சார், உங்க ரெக்கார்டுல காதப் பத்தி ஒண்ணுமே இல்ல. அப்ப கூட இருந்தவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தாங்கன்னா போதும்."

எப்படி இருக்கும்? நான்தானே இருக்கவிடவில்லை. தொண்ணூற்றெட்டில் ராஜஸ்தான் மணலில் பயிற்சி. பக்கத்துப் பீரங்கி எதிர்பாராமல் வெடித்து என் காதிலிருந்து ரத்தம் கொட்டியது. அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். காயம் பதிவானால் உடல்தகுதியில் ஒரு படி இறக்கிவிடுவார்கள், பதவி உயர்வு கோவிந்தா. எங்களில் பாதிப் பேர் இந்த வேலையைச் செய்தவர்கள்தான். முட்டி நகர்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பரேடு நிற்போம், அப்புறம் அறுபது வயதில் அனுபவிப்போம்.

எனக்கு மருந்து போட்டவன் ராமாமிர்தம், எங்கள் யூனிட்டின் நர்சிங் அசிஸ்டென்ட். காட்டுமன்னார்கோயில்காரன். அங்கே எனக்குத் தமிழில் பேசக் கிடைத்த ஒரே ஆள். "எழுதாத மச்சான்" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவன் எழுதவில்லை. யாருக்கும் தெரியாமல் நாலு நாள் ஊசி போட்டான். இந்த உதவியை நான் இத்தனை வருடமும் கண்ணில் தண்ணீர் வர ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் இப்போது சிதம்பரத்தில் குடியிருக்கிறான். சாட்சி எழுதித் தரச் சொல்லி வாட்ஸப்பில் கேட்டேன். "வர்றேன் மச்சான்" என்று இரண்டு முறை போட்டான், வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று நானே பஸ் ஏறிப் போனேன்.

அவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அவன் மனைவி கொளஞ்சியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவுருக்கு ஆப்ரேசன் முடிஞ்சி மூணு மாசம் ஆவுதுண்ணே. இப்ப பக்கத்து வூட்டு டிவி சத்தமே ஜாஸ்தியா இருக்குன்னு திட்டறாரு."

"என்னா ஆப்ரேசன் தங்கச்சி?"

"காதுலதான். உங்களுக்குத் தெரியாததா? ராஜஸ்தான்ல பீரங்கி வெடிச்சி, காலர்லாம் ரத்தமாம். பஞ்ச வெச்சி அடச்சிக்கிட்டு சாயங்காலம் ஆள் எண்ணுற ரோல் காலுக்குப் போயி நின்னாராம். கம்ப்யூட்டரே பழைய ரெக்கார்டப் பாத்துக் கண்டுபுடிச்சி, வாங்கன்னு மெசேஜ் அனுப்புச்சிண்ணே."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னாள். காலர் என்னுடையது, பஞ்சு என் காதில் இருந்தது, ரோல் காலில் நின்றவன் நான். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

ராமாமிர்தம் கீரைக்கட்டோடு வந்தான். காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக உள்ளிருக்கும் கருவியோடு சேர்ந்த ஒரு வட்டத் துண்டு ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. எதிரில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி நெருங்கிப் பேசினான்.

"ஸ்டோர்லேர்ந்து ஊசி மருந்து எடுத்தா யாரு பேரயாவது போட்டுத்தான ஆவணும். உன் பேரு வேணான்ன. என் பேரப் போட்டு, காதுல காயம்னு எழுதிக்கிட்டேன். உனக்காவத்தான் மச்சான் போட்டேன்."

"அன்னிக்கிப் போட்டது சரி. இப்ப மெசேஜ் வந்தப்ப, அது தேவநாதன் காதுன்னு சொல்றதுக்கு என்னா?"

"எனக்கும் வயசாச்சி. எனக்கும் கேக்கல. அதுவா தேடி வந்துது."

"போவட்டும். உன் தலைக்குள்ள வெச்சத யாரும் புடுங்கமாட்டான். ஒரு கையெழுத்து மட்டும் போடு. எனக்கு அஞ்சு மாசந்தான் இருக்கு."

"போட்டா, பொய்ப் பதிவுல ஆப்ரேசன் பண்ணிக்கிட்டவன்னு என்னய விசாரிப்பான். பென்சன்ல கை வெப்பான். எழுதாதன்னு நீதான சொன்ன? எழுதாத காது யாரு காதா இருந்தா என்னா?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் என் கை அவன் கையைத்தான் பிடித்தது, மறுபடியும் கெஞ்சுவதற்கு. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவன் கையை உருவிக்கொண்டான். காதுக்குப் பின்னாலிருந்த வட்டத் துண்டைப் பிய்த்தெடுத்து மேசைமேல் வைத்தான்.

"இனிமே நீ என்னா பேசினாலும் எனக்குக் கேக்காது மச்சான்."

நான் பேசினேன். வெடித்த பீரங்கி, வழிந்த ரத்தம், அந்த நாலு ஊசி, அவன் பெயரில் கிடக்கும் பதிவு யாருடையது என்பது, எதையும் விடாமல் தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். ராமாமிர்தம் தலை குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். கொளஞ்சியம்மாள் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.