அடைக்காத துளைகள்

தலைமை பிக்கு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும், கட்டடக்கலைஞர் நாற்காலியிலிருந்து எழுந்து கைகூப்பினார். பிக்கு அவரைத் தாண்டிப் போய், அவருடைய அண்ணன் கிடந்த சவப்பெட்டியின் முன் மண்டியிட்டார்.

தன் விருது விழாவுக்கு மூன்று தடவை அழைத்தும் வராத மனிதர். இங்கே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கட்டடக்கலைஞருக்கு வயிறு எரிந்தது. காலையிலிருந்து காபி குடிக்காததுதான் காரணம் என்று வைத்துக்கொண்டார்.

அண்ணன் சென்ட்ரிங் தச்சர். தம்பி வரைந்த ஏழு மாடி விகாரைக்கு, கான்கிரீட் ஊற்றப் பலகை அடைத்தவர். வங்கிக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவே நிற்கும் அந்தப் பூசாத சுவர்களைப் பார்க்க விமானமேறி வருகிறார்கள். முக்கியமாக, புத்தருக்குப் பின்னால் இருக்கும் பதினெட்டுத் துளைகளை. பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகளை உருவியபின் விழுந்தவை. அவற்றைப் பற்றித் தம்பி ஐந்து பல்கலைக்கழகங்களில் பேசியிருக்கிறார். தலைப்பு, 'சூன்யத்தைக் கட்டுதல்'.

“துளையை அடைக்கவேண்டிய வாரம் பார்த்து இவருக்குக் காய்ச்சல்,” என்று அண்ணி பிக்குவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எழுந்து வர்றதுக்குள்ள நீங்க ஊதுபத்தி சொருகிட்டீங்க. வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. அப்புறம் தம்பி மேடை மேடையாப் பேச ஆரம்பிச்சதும், ‘அவன்கிட்ட வாயத் திறக்காதே, பாவம்’னாரு.”

மூலையில் நின்ற, அண்ணனோடு வேலை பார்த்த நான்கு தச்சர்களுக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

“அண்ணி, அது டிசைன்லயே யோசிச்சதுதான்.”

“இருக்கும் தம்பி. காய்ச்சலையும் நீங்கதான் யோசிச்சீங்களோ என்னமோ.”

பிக்கு கட்டடக்கலைஞர் பக்கம் திரும்பினார். “விகாரை வாசல் கல்லுல அவர் பேரையும் சேர்க்கலாம்னு இருக்கோம். உங்க பேருக்குக் கீழே.”

கல்லில் இடமில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பட்டங்களுக்கே மூன்று வரி போயிருந்தது.

“வேண்டாம் சாமி,” என்றாள் அண்ணி. “திறப்பு விழா அன்னைக்கே நீங்க கேட்டு, அவர்தான் வேண்டாம்னுட்டாரே.”

அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். தன்னிடம் யாரும் கேட்கவில்லை. தன் பேரைத் தானே எழுதிக்கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. தச்சர்கள் குனிந்தார்கள். முன்னால் நின்ற ஒருவரை விலக்கிவிட்டுத் தம்பி தோள் கொடுத்தார். வாசலில் நல்ல கூட்டம். நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

“சார்,” பின்னாலிருந்து ஒரு குரல் தணிந்து கேட்டது. “தோளைக் கொஞ்சம் இறக்குங்க. அண்ணன் எங்க பக்கம் சரியறாரு.”

அவர் முழங்காலை லேசாக மடக்கினார்.

“இன்னும் கொஞ்சம்.”

மடக்கினார்.

“ஆங், மட்டம் வந்துடுச்சு. அப்படியே நடங்க.”

தெருமுனையில் நின்ற வண்டிவரைக்கும் அப்படியே நடந்தார்.